பெஞ்சிலே சாய்ந்த உழைப்பாளி

1986 ஜனவரி 24. ஜப்பானில் மட்சுயே என்ற நகரம். மகளிர் கைப்பந்து லீக் பந்தயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. வலைக்கு ஒரு பக்கம் டையே அணி. மறுபக்கம் ஹிட்டாச்சி அணி. ஒன்று சூப்பர் மார்க்கெட் கம்பெனி, மற்றொன்று மின்சார யந்திரக் கம்பெனி. டையே அணியில் எல்லோரையும் விட உயரமான ஆட்டக்காரரை வெளியே அழைத்து, இன்னொருவரை உள்ளே அனுப்பினார்கள். கைப்பந்தில் இது அடிக்கடி நடக்கிற சாதாரண மாற்றம்தான். வெளியே வந்தவர் பெஞ்சிலே உட்கார்ந்தார். விடாமல் போராடுங்கள் என்று களத்தில் இருந்த தோழிகளுக்குக் குரல் கொடுத்தார். சிறிது நேரத்தில் பெஞ்சிலிருந்து தரையில் சரிந்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது. வயது 31.

அவர் பெயர் ஃபுளோ ஹைமன். அமெரிக்காவின் கறுப்பின வீராங்கனை. உயரம் ஆறடி ஐந்து அங்குலம். தம் காலத்தில் உலகிலேயே தலைசிறந்த கைப்பந்து ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று எல்லா நாட்டாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவர்.

மாரடைப்பு என்றுதான் முதலில் செய்தி வந்தது. இம்மாதிரிச் சாவுகளுக்கென்று வழக்கமாகப் பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. ‘விதி வந்தது, யார் என்ன செய்ய முடியும்? தமக்குப் பிரியமான ஆட்டக்களத்திலேயே கண்ணை மூடினார், கொடுத்து வைத்தவர்!’ - இதுதான் அந்தப் பாட்டு. நெசவாலையில் தறிக்குப் பக்கத்தில் ஒருவர் விழுந்து இறந்தால் யாரும் இப்படிப் பாடுவதில்லை. ஏன் இறந்தார், யந்திரம் சரியாக இருந்ததா, வைத்தியர் பார்த்தாரா, யார் பொறுப்பு என்று கேட்கிறோம். கேட்கத் தெரிந்த சங்கம் அங்கே இருந்தால் பதிலும் வாங்குகிறோம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனிக்காகத் தம் உடம்பின் உழைப்பை விற்ற ஹைமன் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்விகள் ஏன் எழக்கூடாது? மட்சுயேயில் நடந்தது வேலை செய்த இடத்தில் ஒரு தொழிலாளிக்கு நேர்ந்த மரணம். அப்படிப் பார்த்தால்தான் அந்த வாழ்க்கையும் விளங்கும், சாவும் விளங்கும் என்பது நமது அபிப்பிராயம்.

ஃபுளோரா ஜீன் ஹைமன் 1954 ஜூலை 31இல் கலிபோர்னியா மாகாணத்தில் இங்கிள்வுட் என்ற ஊரில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் இரண்டாமவர். தகப்பனார் ரயில்வேயில் துப்புரவு வேலை பார்த்தவர், பின்னர் மேற்பார்வையாளரானார். தாயார் ஒரு சின்னச் சிற்றுண்டிக் கடை நடத்தினார். பன்னிரண்டு வயதிலேயே ஆறடி வளர்ந்துவிட்ட அந்தப் பெண்ணுக்குத் தன் உயரமே பெரிய பாரமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே தனியாகத் தெரிகிற பிள்ளை என்ன பாடுபடும் என்று சொல்லவேண்டியதில்லை. கூனிக் குறுகி நடக்காதே, நிமிர்ந்து நட என்று வீட்டார் தைரியம் சொன்னார்கள். கடற்கரையிலே அக்காவோடு சேர்ந்து பந்தாடப் போனாள். வலை ஒன்று, பந்து ஒன்று, ஒரு துண்டு நிலம் - இவ்வளவுதானே கைப்பந்துக்கு வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த ஆட்டம் எங்கும் ஒட்டிக்கொள்வதற்கு அதுதான் காரணம். நம் ஊர்களிலும் கோயில் திடலிலும் பள்ளி மைதானத்திலும் மாலை நேரத்தில் வலை கட்டி ஆடுகிறவர்கள் யார் என்று பார்த்தாலே தெரியும்.

ஆனால் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்ததோ ஏழைகளுக்காக அல்ல. 1895இல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், காகித மில்களுக்குப் பேர்போன ஹோலியோக் நகரில், வில்லியம் மார்கன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இதை உருவாக்கினார். கூடைப்பந்தில் ஓடி இடித்துக்கொள்ள முடியாத நடுவயது வியாபாரிகள் மூச்சு வாங்காமல் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் தேவைப்பட்டது! தொந்தி வைத்த கனவான்களின் பொழுதுபோக்கு உலகம் சுற்றி வந்து, மில் தொழிலாளிப் பெண்களின் ஆட்டமாகவும், துப்புரவுத் தொழிலாளி மகளின் ஆட்டமாகவும் மாறியது. சரித்திரத்தில் இப்படியும் சில நல்ல காரியங்கள் நடந்துவிடுகின்றன.

பள்ளிப் படிப்பு முடிந்து எல் கமினோ கல்லூரியில் ஓர் ஆண்டு. பிறகு டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹூஸ்டன் பல்கலைக்கழகம். விளையாட்டுக்காக அந்தப் பல்கலைக்கழகம் உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொண்ட முதல் பெண் ஹைமன்தான். அதுவரை பெண்கள் யாருமே அங்கே விளையாடவில்லையா? பெண்களுக்குப் பணம் செலவழிக்கத்தான் மனம் வரவில்லை. மனம் எப்படி மாறியது? தானாக மாறவில்லை. சர்க்கார் பணம் வாங்கும் எந்தக் கல்வி ஸ்தாபனத்திலும் பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்கக்கூடாது என்று 1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ‘ஒன்பதாவது பிரிவு’ என்று அந்த நாட்டில் அதை அழைக்கிறார்கள். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் பல்கலைக்கழகங்களின் பெட்டிகள் பெண்களுக்குத் திறந்தன. ஹைமனுடைய திறமை அதற்கு முன்னும் அவரிடம் இருந்தது. கதவைத் திறந்தது சட்டம். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பின்னால் இதே சட்டத்தைக் காக்க அவரே போய் நின்றார் என்பதுதான்.

கணிதமும் உடற்பயிற்சிக் கல்வியும் பாடமாக எடுத்துப் படித்தார். தேசத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் வரிசையில் மூன்று முறை இடம் பெற்றார். ஆனால் பட்டம் வாங்காமலே வெளியேறினார். படிப்பு பிறகும் முடியும், ஆடுவதற்கு உடம்பு இருப்பது இப்போதுதான் என்பது அவருடைய கணக்கு. அந்தக் ‘பிறகு’ வரவில்லை.

தேசத்தின் பெயரால் பத்து ஆண்டு

1974இல் தேசிய அணியில் சேர்ந்தார். உலகத்தின் பெரிய பணக்கார நாட்டின் தேசிய அணி! 1975இல் மூன்று மாத காலம் அந்த அணிக்குப் பயிற்சியாளரே கிடையாது. ஆட்டத்துக்குப் பிறப்பிடமான தேசத்தில் பெண்கள் அணி இருந்த நிலை இது. பிறகு ஆரி செலிங்கர் பயிற்சியாளராக வந்தார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்குக்கு அணி தகுதி பெறவில்லை. அங்கே மகளிர் கைப்பந்தில் ஜப்பான் முதலிடம், சோவியத் யூனியன் இரண்டாமிடம். இவை இரண்டும் தொழிற்சாலை, சங்கம், பள்ளி என்று அடிமட்டத்திலிருந்து ஆட்டத்தை வளர்த்த நாடுகள். அமெரிக்க அணியோ கொலராடோ ஸ்பிரிங்ஸில் முகாம் போட்டு, முழுநேரமும் தங்கி, கிட்டத்தட்டத் துறவிகளைப் போல் உழைத்துத்தான் அந்த வரிசைக்கு ஏறி வரவேண்டியிருந்தது. ஒலிம்பிக்கில் ஆடுகிறவர் ஆட்டத்தை ஜீவனமாக்கிக்கொள்ளக்கூடாது என்ற பழைய அமெச்சூர் கொள்கையின் பிடி அப்போது இன்னும் விடவில்லை. சொத்து உள்ளவர்கள் வகுத்த கொள்கை அது. சொத்து இல்லாதவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

1978 உலகப் போட்டியில் ஐந்தாமிடம். அடுத்து மாஸ்கோ ஒலிம்பிக். இந்த முறை தகுதியும் பெற்றுவிட்டார்கள். பதக்கம் வாங்கக்கூடிய அணி என்று பேசப்பட்டது. ஆனால் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் புகுந்ததைக் காரணம் காட்டி, 1980 ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணிக்க வேண்டுமென்று ஜனாதிபதி கார்ட்டர் தீர்மானித்துவிட்டார். ஆறு ஆண்டு உழைப்பு ஒரு கையெழுத்தில் போயிற்று. ஹைமனுக்கு அப்போது வயது 25. ஓர் ஆட்டக்காரரின் கால்களுக்கு அதை விட நல்ல வயது கிடையாது. நான்கு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சல்ஸை சோவியத் யூனியனும் அதன் நேச நாடுகளும் புறக்கணித்தன. அந்த அணிகளிலும் ஆறு ஆண்டு, எட்டு ஆண்டு உழைத்த பெண்கள் இருந்தார்கள். முதல் கதவை மூடியவர்கள் யார் என்ற விவாதத்தில் நமக்கு அபிப்பிராயம் உண்டு. ஆனால் மூடிய கதவுக்கு வெளியே நின்ற ஆட்டக்காரருக்கு அந்த விவாதத்தினால் சல்லிக்காசு பிரயோஜனமில்லை என்பதை இரண்டு பக்கத்தாரும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அவரோடு ஆடிய சிலர் மனம் ஒடிந்து விலகினார்கள். ஹைமன் விலகவில்லை. 1981இல் ஜப்பானில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் சிறந்த அடிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1982இல் பெரு நாட்டில் நடந்த உலகப் போட்டியில் அணிக்கு வெண்கலம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில், அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, அணியின் மூத்த வீராங்கனையாக இறங்கினார். முதல் கட்டத்தில் சீனாவை வென்றார்கள். இறுதிப் பந்தயத்தில் அதே சீனாவிடம் மூன்று செட்டும் தோற்றார்கள். வெள்ளிப் பதக்கம், அமெரிக்க மகளிர் கைப்பந்துக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். (அன்று அமெரிக்காவைத் தோற்கடித்த சீன அணியின் லாங் பிங், 2008இல் அமெரிக்க மகளிர் அணிக்கே பயிற்சியாளராகி ஒலிம்பிக் வெள்ளி வாங்கிக்கொடுத்தார். ஆட்டக்காரர்களுக்குப் பகை வலையோடு முடிந்துவிடுகிறது.)

பதக்கம் கழுத்தில் ஏறியது. கொட்டு முழக்கம் ஓய்ந்தது. அடுத்த மாதம் என்ன சாப்பிடுவது?

கம்பெனி வளர்த்த ஆட்டம்

அமெரிக்காவில் கைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்குவதற்கு இடமே இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடிய தொழில்முறை லீக் ஒன்று 1975இல் தொடங்கி 1980இல் படுத்துவிட்டது. பெண்களுக்கான அடுத்த லீக் 1987இல் வந்து இரண்டே ஆண்டில் மறைந்தது. ஹைமனுடைய நல்ல ஆண்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவிலே விழுந்துவிட்டன. ஆகவே பிழைப்பைத் தேடி ஜப்பானுக்குக் கடல் தாண்டினார். இப்படிக் கடல் தாண்டியவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. கேரளத்துப் பேராவூரில் பிறந்த ஜிம்மி ஜார்ஜ் முதலில் அபுதாபிக்கும் பிறகு இத்தாலிக்கும் ஆடப் போனவர்தான்; அவரும் 1987 நவம்பர் 30இல் இத்தாலியிலேயே கார் விபத்தில் மாண்டார்.

சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்குக் கைப்பந்து அணி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ஜப்பானில் இந்த ஆட்டம் வளர்ந்த விதம் அப்படி. அங்கே மில்களிலும் ஆலைகளிலும் வேலை செய்த பெண்களுக்கு நிர்வாகமே ஆட்டம் அமைத்துக் கொடுத்தது. ஒசாகாவுக்குப் பக்கத்தில் கைசுகா என்ற ஊரில் நிச்சிபோ என்ற பஞ்சாலைக் கம்பெனி இருந்தது. அந்த ஆலையின் ஊழியர்களான பெண்கள் பகலிலே வேலை பார்ப்பார்கள். வேலை முடிந்து நள்ளிரவு வரை பயிற்சி செய்வார்கள். பயிற்சியாளர் டைமட்சு ஹிரோபுமி, யுத்த காலத்தில் பர்மாவில் படையில் இருந்து உயிரோடு திரும்பியவர். உருண்டு விழுந்து பந்தை எடுத்து அதே வேகத்தில் எழுந்து நிற்கும் வித்தையை ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை செய்ய வைத்தார். 1962இல் மாஸ்கோவிலேயே சோவியத் அணியைத் தோற்கடித்து உலகப் பட்டம் வாங்கினார்கள். 1964 டோக்கியோவில் மகளிர் கைப்பந்து முதன் முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது, தங்கம் வென்ற ஜப்பான் அணியின் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் அந்த ஒரே ஆலையின் பெண்கள். உலகம் அவர்களைக் ‘கிழக்கத்திய மந்திரக்காரிகள்’ என்று அழைத்தது.

அது பெரிய சாதனை. தொழிலாளிப் பெண்கள் உலகத்தின் உச்சிக்கு ஏறினார்கள் என்று நாமும் பெருமைப்படலாம். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களின் சாப்பாடும், தூக்கமும், கலியாணத் தேதியும்கூட ஆலையையும் அணியையும் சுற்றியே இருந்தன. ஆட்டத்தில் கிடைத்த புகழ் கம்பெனியின் துணியை விற்றது. ஆட்டம் போனால் அவர்களில் ஒவ்வொருவரும் திரும்பவும் ஆலையில் ஒரு ஊழியர்தான்.

இருபது ஆண்டு கழித்து ஹைமன் போய்ச் சேர்ந்த டையே கம்பெனியும் இதே பாதையில்தான் அணி வைத்திருந்தது. 1957இல் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கி, ஜப்பான் முழுவதும் கிளை பரப்பிய வியாபார ஸ்தாபனம் அது. கம்பெனியின் பெயர் பனியனில் இருக்கும். பந்தயம் டெலிவிஷனில் வரும். மறுநாள் கடையிலே கூட்டம் வரும். ஹைமன் வந்தபோது அணி அடிமட்டப் பிரிவில் கிடந்தது. மூன்றாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு அது ஏறியதில் அவருடைய பங்கு பெரியது. அந்த ஒப்பந்தம் 1986 கோடையில் முடிவதாக இருந்தது. முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பிவிடத் தீர்மானித்திருந்தார்.

‘யாரும் அவரைக் கட்டி இழுத்துப் போகவில்லையே! விரும்பித்தானே போனார், மரியாதையாகத்தானே நடத்தினார்கள்?’ என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஜப்பானிய ரசிகர்கள் அவரிடம் உயிராக இருந்தார்கள். அவரும் ஆட்டத்தை நேசித்தார், சந்தேகமில்லை. ஆனால் தொழிலை நேசிப்பது உழைப்பாளியின் உரிமைகளை ரத்து செய்துவிடுமா? நல்ல கொத்தனாரும் தான் எழுப்பிய சுவரை நேசிக்கத்தான் செய்கிறார். அதற்காகச் சாரம் அறுந்து விழுந்தால் அது அவர் விரும்பிய சாவு என்று சொல்லிவிட முடியுமா? வேலையை நேசிக்கிறவர்களிடம் முதலாளிகள் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் அனுபவம்.

ஜப்பானில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1984 பிப்ரவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஒரு கல்லூரியின் எந்தத் துறைக்குச் சர்க்கார் பணம் நேராகப் போகிறதோ அந்தத் துறையை மட்டுமே ஒன்பதாவது பிரிவு கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. விளையாட்டுத் துறைகள் தப்பித்துக்கொண்டன. ஹூஸ்டனில் ஹைமனுக்குத் திறந்த கதவு, அவருக்குப் பின்னால் வந்த பெண்களுக்குச் சாத்தப்பட்டது. சட்டத்தை மீண்டும் பலப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையோடு வாஷிங்டனுக்குப் போனவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங், விண்வெளி வீராங்கனை சாலி ரைட் ஆகியோரோடு ஹைமனும் இருந்தார். நாடாளுமன்றத்தின் முன் சாட்சியும் சொன்னார். தாம் ஏறிய ஏணியைத் தமக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிற பிரபலங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவர் அந்த ரகம் அல்ல. அந்தச் சட்டம் 1988 மார்ச்சில், ஜனாதிபதி ரீகன் போட்ட தடையையும் மீறி நிறைவேறியது. பார்க்க அவர் இல்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்

மாரடைப்பு என்ற பதிலைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. உடலை கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து பிரேதப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். பரிசோதனை முடிவு வேறு மாதிரி இருந்தது. இருதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைக் கொண்டுபோகும் பெருங்குழாயான மகாதமனி கிழிந்திருந்தது. குழாயின் சுவரில் ஒரு சிறு நாணயத்தளவு பலவீனமான இடம்; பிறவியிலேயே வந்தது. மற்றபடி இருதயம் திடமாக இருந்தது. காரணம் மார்ஃபான் நோய். உடம்பின் இணைப்புத் திசுக்கள் பலமில்லாமல் அமைந்துவிடும் பரம்பரை நோய் இது. சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. இந்த நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் நெட்டையாக வளர்வார்கள். கையும் விரலும் நீண்டிருக்கும். கண்ணில் கிட்டப்பார்வை இருக்கும். மகாதமனி கொஞ்சங்கொஞ்சமாக விரிந்துகொண்டே போகும். கடும் உழைப்பில் ரத்த அழுத்தம் ஏறும்போது கிழியும்.

நெட்டை, நீண்ட கை, பெரிய விரல், கிட்டப்பார்வை! ஹைமனுடைய உடம்பில் இந்த அடையாளங்கள் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தன. அந்த உயரத்தையும் கை நீளத்தையும் வைத்துத்தானே வலைக்கு மேலே நின்று பந்தை அறைந்தார்! பன்னிரண்டு ஆண்டுக் காலம் அந்த உடம்பை எத்தனை பேர் அளந்து பார்த்திருப்பார்கள். ஆட்டத்துக்கு என்ன கிடைக்கும் என்று அளந்தார்கள். உடம்புக்கு என்ன ஆகும் என்று அளக்கவில்லை.

இன்னும் வேதனையான விஷயம் ஒன்று அந்தப் பரிசோதனையில் தெரிந்தது. கிழிந்த இடத்தில் பழைய ரத்தக் கட்டு இருந்தது. சில வாரங்களுக்கு முன்பே அதே இடத்தில் ஒரு சிறு கிழிசல் ஏற்பட்டு, ஆறத் தொடங்கியிருந்தது. அதாவது, முதல் எச்சரிக்கை வந்து, அதோடும் அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

மருத்துவ ஞானம் அன்றைக்கு அவ்வளவுதான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாரிஸ் வைத்தியர் அன்டோயின் மார்ஃபான் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இந்த அடையாளங்களைக் கண்டு எழுதியது 1896இல். 1976லேயே அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் ஒருவர் இதே நோயால் இறந்திருந்தார். மகாதமனி விரிந்திருப்பதைக் காட்டும் எக்கோ சோதனை 1980களில் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்தது. நோயின் மூலமான மரபணு 1991இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்றாலும், சந்தேகப்படுவதற்கு மரபணு தேவையில்லை. கண் இருந்தால் போதும். ஹைமன் இறந்த பிறகு குடும்பத்தாரைச் சோதித்தபோது தம்பி ஒருவருக்கும் அதே நோய் இருப்பது தெரிந்தது. அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்து சரிப்படுத்தினார்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நோய்தான். ஒருவரை உயிரோடு இருக்கையில் பார்த்தார்கள், மற்றவரை இறந்த பிறகு பார்த்தார்கள்.

இதை எந்தத் தனி வைத்தியர் மீதும் சுமத்துவது நமது நோக்கம் அல்ல. யார் பார்க்கவேண்டும் என்று விதி இல்லாத இடத்தில் யாரும் பார்க்கமாட்டார்கள். விதி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி உதாரணம். போட்டிகளில் ஆடும் ஒவ்வொருவரும் வைத்தியப் பரிசோதனைக்கும் இருதய மின்பதிவுக்கும் உட்பட்டே தீரவேண்டும் என்று அங்கே 1982இல் கட்டாயமாக்கினார்கள். அந்நாட்டின் வெனிட்டோ பிரதேசக் கணக்கு 2006இல் வெளியாயிற்று. 1979-80இல் இளம் விளையாட்டுக்காரர்களின் திடீர் இருதய மரணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.6ஆக இருந்தது, 2003-04இல் 0.4ஆகக் குறைந்திருந்தது. பலன் இவ்வளவு பெரிதா, செலவு கட்டுமா என்று தர்க்கம் செய்யும் நிபுணர்கள் இன்றும் உண்டு. மின்பதிவு மட்டும் எடுத்தால் மார்ஃபான் நோய் தெரியாது என்பதும் சரி. ஆனால் கட்டாயப் பரிசோதனை என்றால், வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒரு வைத்தியர் ஆட்டக்காரரை எதிரே நிறுத்தி, கையைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, உன் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா என்று கேட்பார். அமெரிக்க இருதயச் சங்கம் தன் பரிசோதனைப் பட்டியலில் மார்ஃபான் அடையாளங்களைக் கவனிக்கும்படி சேர்த்தது 1996இல். ஹைமன் இறந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது.

பரிசோதனை வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் சொன்னதாகும். 2014இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஐசையா ஆஸ்டின் தொழில்முறை லீக்கில் சேரவிருந்தபோது, தேர்வுக்கு முந்திய பரிசோதனையில் மார்ஃபான் நோய் தெரியவந்தது. உயிர் தப்பியது, ஆனால் தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கையில் வேலை போயிற்று. அவர் பிரபலமானவர், லீக் அவரை மேடையேற்றிக் கௌரவித்தது. கம்பெனி அணியின் கீழ்ப்பிரிவில் ஆடும் ஒரு பெண்ணை யார் மேடையேற்றுவார்கள்? நெஞ்சு வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் அடுத்த ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்தால் அவள் என்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவாள். சுரங்கத்தில் இருமலை மறைக்கும் தொழிலாளி செய்வதும் இதுதான். நோயைக் கண்டுபிடிக்கும் வைத்தியர் கம்பெனியின் கையாளாகத் தெரிகிற வரையில் ஆட்டக்காரர் அவரிடம் உண்மை பேசமாட்டார். ஆகவே பரிசோதனையும் வேண்டும். பரிசோதனையில் தோற்றவருக்கு ஒப்பந்தக் காலம் முழுவதும் சம்பளம், வைத்தியச் செலவு, வேறு வேலை இவையும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பவர் வேண்டாதவரைக் கழித்துக்கட்டுவதற்கு ஒரு கருவியைத்தான் கையில் எடுக்கிறார்.

ஹைமன் பெயரால் 1987 முதல் 2004 வரை ஆண்டுதோறும் விருது கொடுத்தார்கள். பெண்களின் விளையாட்டுக்கென்று அமெரிக்காவில் ஒரு தேசிய தினமும் அவர் நினைவாகவே தொடங்கியது. நல்லதுதான். கம்பெனியோ? டையே ஸ்தாபனம் கடனில் மூழ்கி, 2015இல் இன்னொரு பெரிய வியாபார ஸ்தாபனத்துக்கு முழுச் சொத்தாகிவிட்டது.

ஹைமன் தேடிக் கிடைக்காத தொழில்முறை லீக் இப்போது அவருடைய சொந்த நாட்டிலேயே வந்திருக்கிறது; 2024இல் ஒன்றும், 2025இல் இன்னொன்றுமாகப் பெண்களின் லீக்குகள் தொடங்கின. ஆடிப் பிழைக்கக் கடல் தாண்டவேண்டிய நிர்ப்பந்தம் இந்தத் தலைமுறைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்த லீக்குகளிலும், ஜப்பானின் கம்பெனி அணிகளிலும், இத்தாலி, துருக்கி கிளப்புகளிலும் ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் ஒப்பந்தத் தாளை நீட்டுகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்ற இடத்தைத்தான் ஆட்டக்காரர்கள் முதலில் படிக்கிறார்கள்; அது இயல்பு. எக்கோ சோதனைக்கு யார் பணம் கட்டுவது, அதன் முடிவு முதலில் யார் கைக்குப் போவது, ஆடக்கூடாது என்று வைத்தியர் சொன்ன மறுநாள் சம்பளம் உண்டா இல்லையா - இந்த மூன்று வரிகளும் அந்தத் தாளில் இருக்கின்றனவா என்று கேட்டு, இல்லாவிட்டால் எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடவேண்டும்.